அடைமொழி இல்லாத டாக்டரம்மா

பிப்ரவரி 9, திங்கள்

ஆறாம் அத்தியாயம் நகர மாட்டேன் என்கிறது. ஒரு கதவு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நிஜமாகவே கதவுதான். டாக்டரம்மா கட்டிய மகப்பேறு மருத்துவமனையில், மாடிப்படிக்குக் கீழே, பிரார்த்தனை அறையின் கதவு.

டாக்டரம்மா இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. அவர் வாழ்க்கையை இதுவரை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் ஆள் ஒரு மதகுரு. ‘இறைவன் அனுப்பிய கைகள்’ என்று தலைப்பு. இரண்டாவது ஆள் பேராசிரியர், கடவுள் மறுப்பாளர். ‘கடவுளைக் கேட்காத மருத்துவர்’. இரண்டையும் மேஜைமேல் அக்கம்பக்கமாக வைத்திருக்கிறேன். ராத்திரியில் அடித்துக்கொள்ளுமோ என்று தோன்றுகிறது.

மதகுரு எழுதுகிறார்: “ஒவ்வொரு பிற்பகலும் பிரார்த்தனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இறைவனோடு பக்தியுடன் உரையாடுவார்.”

பேராசிரியர் எழுதுகிறார்: “பிரார்த்தனை அறையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மூடநம்பிக்கைக்கு அங்கே இடமில்லை என்பதை உறுதியுடன் காட்டினார்.”

ஒரே அறை. ஒரே கதவு. இரண்டு பேர் சொல்வதிலும் கதவு மூடித்தான் இருக்கிறது. உள்ளே அந்த அம்மாள் இருந்தாரா, இல்லையா?

இது வெறும் எழுத்துக் கவலை இல்லை. மருத்துவமனைக்கு இது எழுபத்தைந்தாவது ஆண்டு; விழாவில் வெளியிடப் புதிதாக ஒரு வரலாறு எழுதச் சொல்லி மருத்துவமனை அறக்கட்டளை என்னைக் கேட்டிருக்கிறது. அந்த அறையை மறுபடி பிரார்த்தனை அறையாகத் திறக்க வேண்டும் என்று அறக்கட்டளையில் ஒரு கூட்டம். அறிவியல் காட்சியகமாக மாற்ற வேண்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் என் புத்தகத்தைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகின்றன.

நான் யார் பக்கம் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கம் என்ன? பேராசிரியர் பக்கம்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் நான் கடைசியாகக் கும்பிட்டேன். அதோடு சரி. அக்கா அப்படி இல்லை. தினம் காலையில் ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கெட்டிலில் டீ போடுகிறோம். இந்த ஒரு பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு வரிகூட வரவில்லை. பல் வேறு வலிக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, எழுதியே ஆக வேண்டும்.

மதகுருவின் புத்தகத்தில் புகழ்பெற்ற ஒரு படம் உண்டு. மருத்துவமனை வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள், காலண்டரில் வந்திருக்கிறது, செவிலியர் சங்க மலரில்கூட வந்திருக்கிறது. தலை குனிந்து, கண் தாழ்ந்து, இரண்டு உள்ளங்கையும் சேர்த்து நெஞ்சருகே வைத்துக்கொண்டு டாக்டரம்மா. கீழே ‘பிரார்த்தனையில்’ என்று ஒரே வார்த்தை. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கே ஒரு கணம் மனசு இளகும். அதனால்தான் அதன்மேல் எரிச்சல்.

படத்தை எடுத்தது ஒரு பழைய நாளிதழின் ஆட்கள் என்று தெரிந்து, இன்று அவர்களுடைய புகைப்பட அறைக்குப் போனேன். நிலவறை. குளிர்சாதனம் இரைகிறது. பொறுப்பில் இருந்த பெண்மணி வெள்ளைக் கையுறையைக் கொடுத்து, “தும்மல் வந்தா வெளிய போய்த் தும்முங்க” என்றார். மதியம் வரை ஒன்றும் இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது, “இன்னும் ஒரு பெட்டி இருக்கு. ‘குழந்தைகள் கண்காட்சி’ன்னு தப்பாப் போட்டிருக்காங்க” என்றார்.

நெகட்டிவை வெளிச்சப் பெட்டிமேல் வைத்தார்.

அதே படம். ஆனால் முழுப் படம்!

புத்தகத்தில் இருப்பது நெஞ்சு வரைக்கும்தான். நெகட்டிவில் அதற்குக் கீழேயும் இருக்கிறது. ஒரு மேஜை. மேஜைமேல் துணி. துணிமேல் ஒரு பச்சைக் குழந்தை, சட்டையில்லாமல், கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு. டாக்டரம்மாவின் விரல் இடுக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது. படத்தைப் பெரிதாக்கினோம். உள்ளங்கைக்கு நடுவே இருப்பது ஸ்டெதஸ்கோப்பின் வட்டத் தகடு.

சூடு பண்ணுகிறார்! சில்லென்ற உலோகம் குழந்தையின் மார்பில் பட்டால் வீல் என்று கத்தும் அல்லவா, அதற்காக இரண்டு கைக்கு நடுவே வைத்துச் சூடு பண்ணுகிறார்!

நான் போட்ட கூச்சலில் மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்மணி என் முதுகைத் தட்டி, “சரி சரி, கையுறையக் கழட்டிட்டு ஆடுங்க” என்றார். வீடு வரைக்கும் என் கால் தரையில் படவில்லை. பஸ்ஸில் வந்தேனா, நடந்து வந்தேனா?

குட்டு உடைந்தது குருவே!

பிப்ரவரி 14, சனி

காலையில் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவள் கணக்குத் தணிக்கையாளர், எதைக் கொடுத்தாலும் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “குழந்தை கால் எவ்வளவு குட்டி” என்றாள். பிறகு, “இப்ப உனக்குச் சந்தோஷமா? குருவானவர் கையும் களவுமா மாட்டிக்கிட்டாரா?” என்றாள்.

“மாட்டிக்கிட்டார்தான். படத்தையே வெட்டியிருக்கார் மனுஷன்.”

“அவர்தான் வெட்டினார்னு தெரியுமா? பேப்பர்ல வரும்போதே இடமில்லாம வெட்டியிருக்கலாம்ல?”

இப்படித்தான். வாய்க்குள் லட்டைப் போடும்போது அதில் கல் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

பதிப்பாளருக்குப் போன் பண்ணினேன். அவருக்கு எந்நேரமும் வயிற்று எரிச்சல். பேசும்போதே மாத்திரை கடிக்கும் சத்தம் கேட்கும். “அட்டைப்படமே கெடச்சிருச்சும்மா!” என்று துள்ளினார். ஐந்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, “பிரார்த்தனைக் குழுக்காரங்க சண்டைக்கு வருவாங்களோ?” என்றார். கடக், கடக்.

பிப்ரவரி 18, புதன்

பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து அவர் எழுத்தின் ரசிகை நான். மாடிப்படியெல்லாம் புத்தகம். உட்கார ஒரு நாற்காலியைக் காலி பண்ணவே நேரமாயிற்று.

படத்தைப் பார்த்ததும் மனுஷருக்கு வாயெல்லாம் பல். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “முப்பது வருஷமா கரடியாக் கத்தினேம்மா. இதுதான் ஆதாரம். போட்டு உடை!”

பெருமையாக இருந்தது. காபி வந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: “ஐயா, அந்தப் பிரார்த்தனை அறைச் சாவியை அவங்களே வச்சிருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது யார் சொன்னது?”

“ரெண்டு பழைய ஊழியர் சொன்னாங்க. சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும்னு.”

“மூடநம்பிக்கைக்கு இடமில்லைன்னு பூட்டினாங்கங்கிறது?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அத வேற ஒருத்தர் சொல்லணுமா? அவ்வளவு அறிவுள்ள டாக்டர் வேற எதுக்காகப் பூட்டுவாங்க?”

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. செருப்பில் மணல் என்று நினைத்து உதறிப் பார்த்தேன்.

சாவி உண்மை. ‘எதுக்காக’ என்பது அவருடையது.

சரி, சின்ன விஷயம். மொத்தத்தில் அவர் சொல்வதுதானே நியாயம்?

பிப்ரவரி 24, செவ்வாய்

இந்த நாளைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்க வேண்டும்.

டாக்டரம்மாவோடு பல வருஷம் வேலை பார்த்த மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார்! எண்பதைத் தாண்டியவர். கடலைப் பார்த்த சின்ன வீடு. கதவைத் திறந்ததும், “மயக்க டாக்டர்னு கூப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. என் வீட்டுக்காரர்கூட” என்றார். மேஜைமேல் பாதி ஆட்டத்தில் சீட்டுக்கட்டு; தனக்குத் தானே விளையாடிக்கொள்வாராம், தனக்குத் தானே ஏமாற்றியும் கொள்வாராம். சுவரில் வேத வசனம். தீவிர பக்தை.

அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு போட்டேன். முதலில் அந்த அறையைப் பற்றிக் கேட்டேன். இவர் பக்தை, மதகுரு சொன்னதைத்தான் சொல்லப் போகிறார் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

“மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணுவாங்க டாக்டர்?”

“தூங்குவாங்க.”

“என்னது?”

“தூங்குவாங்கம்மா! பெஞ்சுல துண்ட விரிச்சு, குறட்டை விட்டுத் தூங்குவாங்க. ராத்திரி பூரா பிரசவம் பாக்கறவங்க பகல்ல தூங்க வேண்டாமா? கட்டடத்திலேயே குழந்தை அழுகிற சத்தம் கேக்காத ஒரே இடம் அதுதான். ஒருநாள் நாங்கள்லாம் வெளிய நின்னு யாரோ மரம் அறுக்கறாங்கன்னு நெனச்சோம்.”

நான் சிரித்த சிரிப்பில் சீட்டுக்கட்டு கலைந்தது. அவருக்கும் கண்ணில் தண்ணீர். இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு தடித் தடிப் புத்தகங்கள். ஒருவர் அந்தக் கதவுக்குப் பின்னால் கடவுளை வைத்தார். இன்னொருவர் கடவுளை வெளியே தள்ளினார். உள்ளே அந்த மகராசி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்!

“மதகுரு உங்ககிட்ட கேக்கலையா டாக்டர்?”

“கேட்டார். ‘கதவைச் சாத்திக்கிட்டு இருப்பாங்களா?’ன்னு கேட்டார். ஆமான்னேன். அதோட எழுதி முடிச்சிட்டார். அவர் வாழ்க்கையில அவர் கதவைச் சாத்தினா பிரார்த்தனைதான். அவருக்கு வேற என்ன தோணும், பாவம்.”

பிறகு படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தார். “இந்த ஓரத்துல தெரியுற முழங்கை என்னுது! அழகான முழங்கை இல்ல?” என்றார். அப்புறம் மெதுவாக, “ஆமா, எப்பவும் இப்படித்தான் சூடு பண்ணுவாங்க. அந்த நேரத்துல உதடு அசையும்” என்றார். எதையோ எண்ணுகிற மாதிரி உதடு அசையும். அவ்வளவுதான்! நாடித் துடிப்பையோ விநாடியையோ எண்ணியிருக்கிறார். எனக்கு வேண்டிய கடைசித் துண்டும் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது அலை சத்தம்கூடக் கை தட்டுகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

எழுதுகிறேன் எழுதுகிறேன் எழுதுகிறேன். சாப்பிடக் கூப்பிட்டால் கோபம் வருகிறது.

பிப்ரவரி 28, சனி

ஆறாம் அத்தியாயம் முடிந்தது! நான் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன். கடைசி வரி: “உலகம் பிரார்த்தனை என்று வணங்கிய அந்தக் கணத்தில், அவர் விஞ்ஞானியின் நிதானத்தோடு விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.”

படித்துப் பார்த்தேன். எனக்கே புல்லரித்தது. அக்காவிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப்பிழை பார்க்க என்றுதான் சொன்னேன். உண்மையில் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

அக்கா முகம் மாறவில்லை. டாக்டரம்மா தூங்குகிற இடத்தில் சிரித்தாளாம், நன்றாக இருக்கிறதாம். பென்சிலால் ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டிருந்தாள். ‘எண்ணிக்கொண்டிருந்தார்’ என்ற சொல்லைச் சுற்றி.

“இதுக்கு வவுச்சர் எங்கடி?”

“என்ன வவுச்சர்?”

“எண்ணினாங்கன்னு அந்த மயக்க டாக்டர் சொன்னாங்களா?”

“சொன்னாங்களே. உதடு அசையும்னு.”

“உதடு அசையும்னு சொன்னாங்க. சரி. எண்ணினாங்கன்னு சொன்னாங்களா?”

“அக்கா, நீ விரும்பறது எனக்குத் தெரியும். பிரார்த்தனைன்னு எழுதச் சொல்றே.”

“நான் ஒண்ணும் எழுதச் சொல்லல. ரசீது இல்லாம கணக்கு எழுதாதேங்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க அவங்கள விட நீதான் அதிகமா இருக்கே.”

கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன பேச்சு இது? பத்து வருஷமா இதப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, இப்ப வந்து வவுச்சராம் வவுச்சர்! அவளுக்குப் பொறுக்கல. அவ நம்பறது ஆட்டம் கண்டதும் பென்சிலைத் தூக்கிக்கிட்டு வர்றா. உதட்டை அசைச்சா வேற என்னத்த பண்ணுவாங்க? எண்ணத்தானே செய்வாங்க? அவ்வளவு அறிவுள்ள டாக்டர் வேற எதுக்காக—

ஐயோ.

இது நான் எழுதினதில்லையே. இந்த வாக்கியத்தை நான் வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

பதிவைப் போட்டுக் கேட்டேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

அவர்: “அந்த நேரத்துல உதடு அசையும்.”

நான்: “ஏதாவது எண்ணுவாங்களோ? நாடி, விநாடி, அந்த மாதிரி?”

அவர்: “நான் எப்படிம்மா சொல்ல முடியும்? சத்தமே வராது, அசைவு மட்டும்தான் தெரியும்.”

நான்: “எண்ணுற மாதிரி.”

அவர்: “இருக்கலாம். பாட்டா இருக்கலாம். திட்டாக்கூட இருக்கலாம், அவங்க வாய் கொஞ்சம் அப்படித்தான்.”

அதற்கப்புறம் என் குரல் வேறு ஏதோ கேள்விக்குத் தாவிவிடுகிறது.

‘எண்ணுற மாதிரி’ என்று சொன்னது நான். நானே சொல்லி, நானே கேட்டு, அவர் சொன்னதாக இந்த நாட்குறிப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது, என் கையெழுத்தில்.

மதகுரு குனிந்த தலையைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் குனிந்த தலை என்றால் பிரார்த்தனை. பேராசிரியர் பூட்டைப் பார்த்தார். அவருக்குப் பூட்டு என்றால் மறுப்பு. நான் உதட்டைப் பார்த்தேன். மூன்று பேரில் யாருமே பொய் சொல்லவில்லை! அதுதான் இதில் பயங்கரம். அவரவர் மனசில் என்ன இருந்ததோ அதை அந்த அம்மாளின் வாயில் ஊட்டிவிட்டோம்.

வெட்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதை முட்டித் தள்ளிக்கொண்டு வேறொன்று வருகிறது. இது ஒரு வரியோடு முடிகிற சமாசாரமா? புத்தகம் முழுக்க எத்தனை இடத்தில் இப்படிச் செய்திருப்பேன்? மூன்று பேரும் போட்ட பூச்சைச் சுரண்டினால் அடியில் யார் இருப்பார்?

மார்ச் 4, புதன்

அக்காவிடம் போய், “வவுச்சர் இல்ல” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, ஜெயித்துவிட்ட பாவனையும் இல்லை. “டீ குடிக்கிறியா?” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இப்படி ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் வந்து எத்தனை காலம்!

சாப்பாட்டு மேஜைமேல் என் கையெழுத்துப் பிரதி, மதகுரு, பேராசிரியர், மூன்றும். அக்கா கையில் சிவப்புப் பென்சில், என் கையில் நீலம். காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் ரொட்டியை மேஜையிலேயே வைத்துத் தின்றோம். வினைச்சொல்லை விட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் நிற்கிற அடைமொழியைப் பிடிக்க வேண்டும். இதுதான் நாங்கள் கண்டுபிடித்த வித்தை. ‘பக்தியுடன்’, ‘உறுதியுடன்’, ‘அருளால்’, ‘துணிச்சலாக’, ‘வேறு வழியின்றி’. தகராறு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ‘போனார்’, ‘வெட்டினார்’, ‘கழுவினார்’, ‘சாத்தினார்’ — இவற்றில் மூன்று பேருக்கும் சண்டையே இல்லை!

அக்கா ஈவிரக்கம் பார்க்கவில்லை. மதகுருவின் புத்தகத்தில் ‘கடவுள் காட்டிய வழியில்’ என்பதை அவளே அடித்தாள். “காட்டினாரா இல்லையான்னு கடவுளக் கேக்கணும். இவரக் கேட்டா எப்படி?” என்றாள்.

என்னுடைய ‘விஞ்ஞானியின் நிதானத்தோடு’ என்பதைப் படித்தபோது இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நிதானமாம்! திட்டுறவங்களாம் அவங்க, அந்த டாக்டரே சொல்லியிருக்காங்க!” என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கேட்டுவிட்டேன். “காலையில கண்ண மூடி உக்காந்திருக்கியே, அப்ப என்ன பண்றே?”

பென்சிலைக் கீழே வைத்தாள். நான் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா போன பயத்தில் கும்பிடுகிறாள் என்று நானாகவே முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

“சில நாள் பிரார்த்தனை. சில நாள் வாய் சொல்லும், மனசு எங்கயோ இருக்கும். சில நாள் ஒண்ணுமே இல்லடி. சும்மா வெயில் முகத்துல படும். நல்லா இருக்கும்.”

“பயத்துல இல்லையா?”

“எனக்கென்ன பயம்? வருமான வரிக்காரங்களையே பாத்தவ நான்.”

மார்ச் 12, வியாழன்

அடைமொழியை எல்லாம் உருவி எடுத்தபின் புத்தகம் ஒல்லியாகிவிடும் என்று பயந்தேன். நேர்மாறாக ஆகிறது! இடம் காலியானதும் அந்த அம்மாள் உள்ளே நுழைந்து கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறார். குறட்டை விடுகிறார், திட்டுகிறார், மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுகிறார். இரண்டு பெரிய புத்தகத்திலும் அவர் ஒருதரம்கூடச் சிரித்ததில்லை என்பது இன்றுதான் கண்ணில் பட்டது. புனிதரும் சிரிக்கவில்லை, போராளியும் சிரிக்கவில்லை.

மயக்க டாக்டரிடம் போனில் கேட்டேன். “சிரிப்பாங்களாவா? கதவு அதிரும்” என்றார்.

சிரித்ததற்கு வவுச்சர் கிடைத்துவிட்டது!

மார்ச் 20, வெள்ளி

அறக்கட்டளைக் கூட்டம். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். ஒரு கோடியில் காட்சியகம் கேட்கிற கூட்டத்தின் சார்பில் பேராசிரியர், மறு கோடியில் பிரார்த்தனைக் குழுத் தலைவி. தலைவி என்றால் குரலில் தேன். சம்மதம் கிடைக்கும் வரை அந்தத் தேன் நிற்காது. என் பக்கத்தில் பதிப்பாளர், சட்டைப்பையில் மாத்திரை அட்டை.

ஆறாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியைப் படித்தேன்:

“குழந்தையின் மார்பில் வைக்கும் முன், ஸ்டெதஸ்கோப்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துச் சூடாக்குவார். அப்போது அவர் உதடு அசையும். என்ன சொன்னார் என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. நமக்கும் தெரியாது. குழந்தை அழாது.”

தாளை மேஜைமேல் வைத்தேன்.

தலைவிதான் முதலில். “ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா. ‘பக்தியோட உதடு அசையும்’னு ஒரே ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துட்டீங்கன்னா...”

“ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது!” என்றார் பேராசிரியர். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதே மூச்சில், “‘நமக்குத் தெரியாது’ன்னு ஏன் நழுவுறே? நீ கண்டுபிடிச்ச படம் அது. ‘எண்ணியபடி’ன்னு போடு” என்றார்.

“ஐயா, போட்டிருந்தேன். எடுத்துட்டேன். அது நான் அவங்க வாயில வச்ச வார்த்தை.”

“அப்ப அவங்க பிரார்த்தனை பண்ணினாங்கங்கிறியா?”

“இல்லைங்க. தெரியலைங்கிறேன்.”

“தெரியலைன்னு எழுதவா உங்களை வரவழைச்சோம்?” தலைவியின் குரலில் தேன் தீர்ந்திருந்தது.

அப்புறம் நான் பேசியது எனக்கே நினைவில் சரியாக இல்லை. எழுந்து நின்றுவிட்டேன் என்று மட்டும் தெரிகிறது. “அவங்க நம்பினாங்களா இல்லையாங்கறத அவங்க யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம இருக்கறது அவங்க இஷ்டம். செத்துப் போயிட்டாங்கங்கிறதுக்காக நாம மூணு பேரும் மாத்தி மாத்தி அவங்களுக்குப் பதிலாச் சொல்லிட்டிருக்கோம். நானும்தான். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைங்க. அதனால அவங்களுக்கும் இருக்கக் கூடாதுன்னு எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையத்தான் முதல்ல ஆராய்ச்சின்னு எழுதினேன்.”

வாக்கெடுப்பு வைத்தார்கள். முப்பது வருஷமாக எதிரும் புதிருமாக இருந்த இருவரும் முதல் முறையாக ஒரே பக்கம் கை தூக்கினார்கள். என் புத்தகத்துக்கு எதிராக!

அறக்கட்டளை முத்திரை இல்லை. விழா மேடை இல்லை. அந்த அறையைப் பற்றிய முடிவும் ஒத்திவைப்பு.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பதிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, கடிக்காமலே மறுபடி பையில் போட்டார்.

“ரெண்டு பேரையும் ஒண்ணு சேத்துட்டியேம்மா” என்றார். “இப்பேர்ப்பட்ட புத்தகத்தப் போடாம விட்டா நான் எதுக்குக் கடை நடத்தறேன்? நாமளே போடறோம்.”

மார்ச் 21, சனி

நேற்றுச் சொன்னது தெளிவாகத்தானா என்று கேட்கக் காலையிலேயே பதிப்பாளருக்குப் போன் போட்டேன். தெளிவாகத்தானாம். பயமும் தெளிவாக இருக்கிறதாம்.

மே 15, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. கையில் வைத்தால் மை வாசனை. அட்டையில் முழுப் படம். அக்கா முதலில் ஓரங்களைப் பார்த்தாள். “முழங்கை விழுந்திருக்கு. நல்லது” என்றாள்.

முழங்கைக்குச் சொந்தக்காரருக்கு முதல் பிரதி அனுப்பினோம். போனில், “அறுபது வருஷம் கழிச்சு என் முழங்கை அட்டைப்படத்துல! உள்ள இன்னும் படிக்கல, முழங்கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

மே 29, வெள்ளி

இரண்டு விமர்சனங்கள், ஒரே வாரத்தில். பிரார்த்தனைக் குழுவின் இதழ்: “ஒரு நாத்திகரின் தந்திரம்.” பேராசிரியரின் கட்டுரை: “பக்தர்களுக்குப் பின்வாசலைத் திறந்துவிட்ட புத்தகம்.” இரண்டையும் அக்கா உரக்க வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது குரலை வேறு மாற்றிக்கொண்டாள். தணிக்கை வேலைக்குப் பதில் நாடகத்துக்குப் போயிருக்கலாம்.

பேராசிரியர் எழுதியது கொஞ்சம் குத்தத்தான் செய்தது. கடைசிப் பத்தியில் மட்டும், “குறட்டைச் செய்தி எனக்குத் தெரியாதது, என் அடுத்த பதிப்பில் திருத்துவேன்” என்று எழுதியிருக்கிறார். மனுஷர் மனுஷர்தான்.

ஜூன் 18, வியாழன்

வங்கிக்குப் போக பஸ் ஏறினேன். முன் இருக்கையில் செவிலியர் பயிற்சி மாணவிகள் இரண்டு பேர், சீருடையில். ஒருத்தி மடியில் என் புத்தகம். முதுகு அட்டையில் என் படம் இருக்கிறதே என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். காதை மட்டும் முன்னால் அனுப்பிவைத்தேன்.

“கடவுள் நம்பிக்கை இருந்திருக்கும்டி, எனக்குத் தோணுது.”

“எனக்கு அப்படித் தோணல.”

“சரி விடு. அமைச்சர் வந்த அன்னிக்கி நடந்தத படிச்சியா நீ?”

“எது?”

“பேறுகால வார்டுக்குள்ள செருப்போட வந்துட்டாராம். வெளிய போய்க் கால கழுவிட்டு வான்னு நிக்க வச்சிருக்காங்க, மந்திரிய! இரு, இரு, நான் படிக்கறேன், கேளு.”

அவள் படிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்றவர் குனிந்து கேட்டார். நடத்துநர் டிக்கெட் பையை மூடிக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டார்.

வங்கி தாண்டிப் போய்விட்டது. நான் இறங்கவில்லை.